காலி பார்: பெஞ்ச் பிரஸ் கதையில் வரும் நாலு டாக்டர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஜிம்முக்குப் போற பசங்க இருக்கிற வீட்டில் எல்லாரும் படிக்கலாம். இப்போதான் ஜிம்மில் சேர்ந்து, அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் போகவே கூச்சப்படுறவங்க கட்டாயம் படிக்கணும்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அம்மா தன் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. கல்லூரியில் படிக்கிற பையன். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) முகத்திலும் முதுகிலும் திடீர்னு கொத்துக் கொத்தா பரு. "எதுக்கெடுத்தாலும் கத்துறான் டாக்டர், தூங்கவும் மாட்டேங்கிறான், என்னன்னு பாருங்க" என்றார் அம்மா. பையன் எதுவும் பேசலை. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் சட்டையைக் கழற்றினான். மார்புக் காம்புக்கு அடியில் ரெண்டு பக்கமும் கட்டி மாதிரி வீக்கம், தொட்டால் வலி.

"என்ன போடுற தம்பி?" என்று நேரா கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் போனில் ஒரு படத்தைக் காட்டினான். வாரம் ரெண்டு ஊசி, தினம் மாத்திரை. "ஒரு கோர்ஸ்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் போட்டான்? அவன் சொன்ன பதிலில் இருந்துதான் இந்தப் பதிவே. "பெஞ்ச் பிரஸ்ல நாற்பதுலயே நிக்குது சார். என்கூட சேர்ந்தவன் எழுபது போடுறான். காலி பார்ல வார்ம்அப் பண்ணினாக்கூட சிரிக்கிறாங்க."

சிரிக்கிறாங்க. அவ்வளவுதான் காரணம்.

ஜிம் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம். பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சு வரை இறக்கி, மறுபடி கை நீட்டி மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். நம்ம ஊர் தண்டாலைத் திருப்பிப் போட்ட மாதிரி. தண்டாலில் நம்ம உடம்பே எடை. இங்கே இரும்பு எடை. போட்டிக்குப் பயன்படுத்தும் பார் தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ இருக்கும். அதைத்தான் "காலி பார்" என்கிறோம்.

அந்தப் பையனுக்கு மருந்தை நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனை எழுதி, ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பினேன். டாக்டர் வேலை அங்கே முடிஞ்சது. ஆனா எழுந்து போகும்போது அவன் கேட்ட கேள்வி அப்படியே தங்கிடுச்சு. "ஊசி இல்லாம இதை எப்படித்தான் ஏத்துறது சார்?"

இந்தக் கேள்விக்கு ஜிம்மில் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. எனக்கு வரலாறு படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. தேடிப் போனால், பெஞ்ச் பிரஸ்ஸின் கதையில் பயில்வான்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப டாக்டர்கள் வர்றாங்க. ஒருத்தர் இடம் கொடுத்தார். ஒருத்தர் வழிமுறை கொடுத்தார். ஒருத்தர் மாத்திரையைக் கொடுத்துட்டு வருத்தப்பட்டார். கடைசி ஆளைப் பிறகு சொல்றேன்.

முதல் டாக்டர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி. ஜார் மன்னரின் மருத்துவர்களில் ஒருவர். சின்ன வயசில் பயில்வானா இருந்தவர் இல்லை. நாற்பது தாண்டிய பிறகு, தன் ஆரோக்கியத்துக்காகத்தான் எடை தூக்க ஆரம்பிச்சார். 1885-ல் தன் ஊரில் உடற்பயிற்சி ஆர்வலர்களுக்காக ஒரு வட்டத்தைத் தொடங்கினார். ரஷ்ய பளுதூக்குதலின் பிறந்த நாளாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் வீட்டிலேயே ஒரு அறை முழுக்க எடைகள். பெரிய பெரிய பயில்வான்கள் அங்கே வந்து தூக்குவார்கள், டாக்டரும் கூடவே நின்று தூக்குவார்.

1898-ல் எஸ்டோனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்ற இருபது வயசு இளைஞரைத் தன் வீட்டுக்கே வரவழைத்துத் தங்க வைத்தார். ஹாக்கன்ஷ்மிட் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மல்யுத்த வீரர். அந்தக் காலகட்டத்தில் அவர் செய்த ஒன்றுதான் பெஞ்ச் பிரஸ்ஸின் முன்னோடி. பெஞ்ச் கிடையாது. ஸ்டாண்ட் கிடையாது. தரையில் மல்லாந்து படுத்து, பெரிய தட்டுகள் மாட்டிய பாரைத் தலைக்கு மேல் பக்கத்திலிருந்து முகத்தைத் தாண்டி உருட்டிக் கொண்டுவந்து, 361 பவுண்டை, அதாவது சுமார் 164 கிலோவை மேலே தள்ளினார். தட்டுகள் விட்டத்தில் பெரிசா இருந்ததால் முகத்துக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி கிடைத்தது. தட்டு சின்னதா இருந்திருந்தால் மூக்கு தப்பியிருக்காது. அந்தச் சாதனையை முறியடிக்க 1916 வரை ஆச்சு. அமெரிக்காவின் ஜோ நார்ட்க்வெஸ்ட் தள்ளியது 363 பவுண்ட். இத்தனை வருஷத்தில் கூடியது ரெண்டே பவுண்ட், ஒரு கிலோகூட முழுசா இல்லை.

உலகத்தின் தலைசிறந்த பலசாலிகளுக்கே ஒரு கிலோ கூட்ட இவ்வளவு காலம் ஆகியிருக்கு. நம்ம தம்பி மூணு மாசத்தில் நாற்பதில் நிக்குதேன்னு அழுகிறான்.

இங்கே இரும்பைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். ஜிம் பசங்களில் பெரும்பாலானவங்களுக்கு இது தெரியாது. அந்தக் காலத்து பார்கள் நிறைய ரெண்டு பக்கமும் இரும்புக் குண்டு வைத்தவை. எடையை மாத்த முடியாது. பயில்வானுக்குச் செய்த பார் பயில்வானுக்கு மட்டும்தான். அதைத் தூக்க முடியாதவன் வேடிக்கை பார்க்கலாம், கை தட்டலாம், வீட்டுக்குப் போகலாம். புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு ஏத்த எடை கிடைப்பதே கஷ்டம். நம்ம ஊரில் கர்லாக்கட்டை வைத்திருந்த வாத்தியார்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரங்க, சின்னதிலிருந்து பெரிசு வரை அளவு அளவா செதுக்கி வைத்திருப்பார்கள்.

1902-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆலன் கால்வர்ட் என்பவர் மைலோ பார்பெல் கம்பெனியை ஆரம்பித்து, எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்களை விற்க ஆரம்பித்தார். அந்த மைலோ, பழைய கிரேக்கக் கதையில் வரும் மல்யுத்த வீரர். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கித் தூக்கி, அது காளையாக வளர்ந்த பிறகும் தூக்கினாராம். கதைதான். நிஜத்தில் காளை வளர்ற வேகத்துக்கு மனுஷன் ஈடு கொடுக்க முடியாது, முதுகு போயிடும். ஆனா கால்வர்ட் அந்தப் பேரை வைத்ததில் அர்த்தம் இருக்கு. இன்னைக்கு இவ்வளவு, அடுத்த வாரம் அதைவிடக் கொஞ்சம் கூட என்று மாட்ட முடிகிற பார் வந்த பிறகுதான், பலம் இல்லாதவனும் ஆரம்பிக்க முடிந்தது.

இப்போ ரெண்டாவது டாக்டர். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர். தாமஸ் டிலோர்ம், அமெரிக்காவின் அலபாமாக்காரர். பள்ளிப் பருவத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிற நோய் இது. நம்ம நாட்டில் இன்னும் குழந்தைகளை விடவில்லை. அன்னைக்கு அதுக்கு மருத்துவம் என்றால் படுக்கைதான். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார். கடுமையான வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது டாக்டர்கள் சொன்ன புத்தி. படுக்கையில் அவர் படித்தது எடை தூக்குகிறவர்களின் பத்திரிகை. எழுந்ததும் பழைய இரும்புத் துண்டுகளை வைத்துத் தானே ஒரு பார் செய்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க ஆரம்பித்தார். (ருமாட்டிக் இதய நோய் இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு நேரா ஜிம்முக்கு ஓட வேண்டாம். உங்கள் இதய மருத்துவரைக் கேட்டுட்டுப் போங்க.)

ரெண்டாம் உலகப்போர் நேரத்தில் டிலோர்ம் ராணுவ டாக்டர், சிகாகோவில் கார்டினர் ஜெனரல் மருத்துவமனையில். எலும்பு முறிந்தும் முழங்கால் கிழிந்தும் வந்த வீரர்களால் வார்டு நிரம்பி வழிகிறது. ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் தசை சுருங்கிப் போய் வீட்டுக்கு அனுப்ப முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அப்போதைய வழக்கம், லேசான எடையை நிறைய தடவை அசைக்கச் சொல்வது. அதிக எடை கொடுத்தால் மூட்டு கெட்டுப்போகும் என்ற பயம்.

டிலோர்ம் தன் கதையை நினைத்துப் பார்த்தார். முழங்கால் நோயாளிகளின் பாதத்தில் இரும்பு பூட்ஸ் மாட்டி, எடையைக் கட்டி, காலை நீட்ட வைத்தார். தாங்குகிற அளவுக்குக் கனமான எடை, பத்து தடவை. அதில் தேறினால் எடையைக் கூட்டு. நாள்கணக்கில் அசையாத தொடைத் தசை வாரங்களில் திரும்பி வந்தது. 1945-ல் எலும்பு மருத்துவ இதழில் அதைக் கட்டுரையாக எழுதினார். ஜிம்களில் பயில்வான்கள் காதுவழியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று அப்போதுதான் மருத்துவமனைக் குறிப்பேட்டுக்கு வந்தது.

முதலில் அவர் ஏழு முதல் பத்து செட் வரை செய்ய வைத்தார். பிறகு ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து 1948-ல் எழுதும்போது, அவ்வளவு தேவையில்லை, மூணு செட் போதும் என்று குறைத்தார். இன்னைக்கு உலகம் முழுக்க எந்த ஜிம்முக்குப் போனாலும் மாஸ்டர் முதல் நாள் சொல்வது என்ன? "மூணு செட்டு, பத்து பத்து அடி." அந்த மூணு பத்தின் மூலம் தேடினால் போய் நிற்கிற இடம், அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களின் வார்டு.

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. ஒருத்தன் ஒழுங்கா பத்து தடவை மட்டும் தள்ளக்கூடிய எடை எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். முதல் செட் அதில் பாதி, ரெண்டாவது செட் முக்கால், மூணாவது முழுசு. நம்ம தம்பிக்கு அது 40 கிலோன்னு வைத்துக்கொள்வோம். முதல் செட் 20, அடுத்து 30, அப்புறம் 40. முதல் செட் 20 கிலோ என்றால் அது காலி பார். எந்த பாரைப் பார்த்து சிரிச்சாங்களோ, அதுதான் மருந்துச் சீட்டின் முதல் வரி.

இதை அவனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முதல் தடவையா முகத்தில் சின்னச் சிரிப்பு வந்தது.

இன்னொண்ணும் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. முதல் ஆறு வாரத்தில் காலி பாரிலிருந்து நாற்பதுக்கு வேகமா ஏறியிருக்கான். அப்புறம் நின்னுடுச்சு. "என் உடம்பு அவ்வளவுதான் போல" என்றான். அப்படி இல்லை. ஆரம்ப வாரங்களில் கூடுற பலத்தில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவது இல்லை, நரம்பு பழகுவதால் வருவது. மூளை அதுவரை சும்மா இருந்த தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடக் கத்துக்கொள்கிறது. மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 1979-லேயே இதை அளந்து காட்டினார்கள். சைக்கிள் கத்துக்கிற மாதிரி. முதல் வாரம் விழாமல் ஓட்டுறதே பெரிய முன்னேற்றம். அந்தப் பழக்கம் வந்த பிறகு நிஜமான தசை வளரணும். அதுக்கு மாதங்கள் ஆகும், சோறும் தூக்கமும் வேணும். நின்னுபோச்சுன்னு அவன் நினைச்ச இடத்தில்தான் அடுத்த கட்டம் தொடங்குது. சரியா அந்த இடத்தில்தான் ஊசிக்காரன் வந்து நிக்கிறான்.

ஊசிக்கு முன்னால் ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடலாம். டக் ஹெப்பர்ன், கனடாவின் வான்கூவரில் 1926-ல் பிறந்தவர். பிறக்கும்போதே வலது பாதம் வளைந்திருந்தது, கண்ணும் மாறுகண். கெண்டைக்கால் கடைசி வரை மெலிஞ்சேதான் இருந்தது. அந்த மனுஷன் 1950-களின் தொடக்கத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் 400, 450, 500 பவுண்ட் என்று ஒவ்வொரு எல்லையையும் உலகில் முதல் ஆளாகத் தாண்டினார். 500 பவுண்ட் என்றால் சுமார் 227 கிலோ. 1953-ல் ஸ்டாக்ஹோமில் பளுதூக்குதல் உலக சாம்பியனும் ஆனார்.

நான் பார்க்கச் சொல்வது அந்தப் பெரிய எண்களை இல்லை. அவர் சொல்லிக் கொடுத்த முறையை. எட்டு செட், ஒவ்வொன்றிலும் ரெண்டு தடவை. அடுத்த நாள் பயிற்சியில் ஒரே ஒரு செட்டில் மட்டும் மூணாவது தடவை. அதுக்கடுத்த நாள் இன்னொரு செட்டில். எல்லா செட்டிலும் மூணு வந்த பிறகுதான் 5 பவுண்ட், ரெண்டேகால் கிலோ, கூட்டணும். உலகில் முதல் ஆளாக 500 பவுண்டைத் தள்ளியவர் ஒரு நாளைக்குக் கூட்டச் சொன்னது ஒரே ஒரு ரெப்.

அந்தக் காலத்தில் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மரியாதையும் அவ்வளவா கிடையாது. படுத்துக்கிட்டுத் தூக்குறதெல்லாம் ஒரு பலமா என்பது ஒலிம்பிக் பளுதூக்குகிறவர்களின் நினைப்பு. நின்ற இடத்தில் தலைக்கு மேல் தள்ளுவதுதான் அப்போது ஆண்மைக்கு அளவுகோல். 1960-களில் பவர்லிஃப்டிங் தனிப் போட்டியாக உருவாகி பெஞ்ச் பிரஸ் அதில் இடம்பிடித்தது. 1971-ல் முதல் உலகப் போட்டி. 1972 ஒலிம்பிக்கோடு நின்று தள்ளும் பிரஸ் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. அதுக்கப்புறம்தான் "பெஞ்ச் எவ்வளவு போடுற?" என்ற கேள்வி பலத்தைக் கேட்கிற கேள்வியாக மாறியது. நம்ம தம்பியை வாட்டி எடுத்த அந்தக் கேள்விக்கு வயசு அவன் அப்பா வயசுதான்.

மூணாவது டாக்டருக்கு வருவோம். ஜான் சீக்ளர், அமெரிக்க பளுதூக்கும் அணியின் டாக்டர். 1954-ல் வியன்னாவில் நடந்த உலகப் போட்டியில், சோவியத் அணிக்காரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வந்தது. திரும்பி வந்தவர் அதை யோசித்துக்கொண்டே இருந்தார். 1958-ல் சீபா கம்பெனியின் டயனபால் மாத்திரை சந்தைக்கு வந்ததும் தன் வீரர்களில் சிலருக்குக் குறைந்த அளவில் கொடுக்க ஆரம்பித்தார். வீரர்கள் அவர் சொன்ன அளவோடு நிற்கவில்லை. ஒண்ணு சொன்னால் நாலு விழுங்கினார்கள். பின்னாளில் சீக்ளர் தான் செய்த இந்தக் காரியத்துக்காக வெளிப்படையாகவே வருந்தினார். 1983-ல் இறந்தார். அந்த மாத்திரையின் வாரிசுகள்தான் இன்னைக்கு நம்ம ஊர் ஜிம் பைகளில், பில் இல்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல் சுத்துது.

உடம்புக்குள் என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் கொட்டினால், மூளை "போதும், இங்கே நிறைய இருக்கு" என்று விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். மிஞ்சிய ஹார்மோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறும், அதனால்தான் தம்பிக்கு மார்பு வீங்கியது. மாத்திரை வகைகள் ஈரலைப் பதம் பார்க்கும். நல்ல கொழுப்பு தரைமட்டத்துக்கு இறங்கும். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருஷமும் ஆகும். மாப்பிள்ளை பார்க்கிற வயசில் குழந்தையின்மைக்கு வந்து நிற்கிறவர்களிடம் "ஜிம்முக்குப் போனீங்களா?" என்று இப்போ நான் கேட்காமல் விடுறதில்லை.

இனி சொல்லப்போறது, அந்தப் பையனை உண்மையிலேயே யோசிக்க வைத்த ஆய்வு. 1972-ல் வெளிவந்தது. ஏரியல், சாவில் என்ற ரெண்டு பேர் அமெரிக்காவில் செய்தது. ஏற்கனவே நல்லா பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் ஆறு பேருக்கு, இது டயனபால் என்று சொல்லி தினமும் மாத்திரை கொடுத்தார்கள். நாலு வாரம். பெஞ்ச் பிரஸ் உட்படப் பல தூக்குகளில் பலத்தை அளந்தார்கள். மாத்திரைக்கு முந்தைய ஏழு வாரத்தில் ஏறியதைவிட இந்த நாலு வாரத்தில் அதிகமா ஏறியது. மாத்திரையில் மருந்தே இல்லை. வெறும் டம்மி.

ஆறு பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை, ஒத்துக்கறேன். இதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஸ்டீராய்டு வேலையே செய்யாது என்றும் நான் சொல்ல வரலை. செய்யும். அதுதான் ஆபத்தே. ஆனா அந்த ஆறு பேரின் கையில் அந்த பலம் ஏற்கனவே இருந்தது. "இப்போ என்னால முடியும்" என்று நம்பி பாருக்கு அடியில் படுத்ததும் அது வெளியே வந்தது. தன்னம்பிக்கைன்னா மேடையில் பேசுற விஷயம்னு நினைச்சிட்டிருக்கோம். இங்கே அதைக் கிலோ கணக்கில் அளந்திருக்காங்க.

சரி, மாத்திரைப் பொய் இல்லாமல் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? என் அனுபவத்தில், பார் மேலே விழாது என்று உடம்புக்கு உறுதியாகத் தெரியும்போது பாதி வந்துடும்.

என் கதையையும் சொல்லிடறேன். நாற்பத்தஞ்சு வயசில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும் ஜிம்மில் சேர்ந்தவன் நான். முதல் நாள் காலி பாரை எடுத்தேன். கை வெடவெடன்னு நடுங்கிச்சு. இடது பக்கம் ஒரு பக்கமா சாய்ஞ்சது. பக்கத்து பெஞ்சில் ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு என் பாரைவிட ரெண்டு தட்டு அதிகமா மாட்டித் தள்ளிட்டிருந்தது. மூணாம் வாரம் யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, தனியா 35 கிலோ போட்டு நெஞ்சில் மாட்டிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற டாக்டர் பாருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறார். அந்தப் பொண்ணுதான் ஓடி வந்து தூக்கிவிட்டுச்சு. "அங்கிள், கூப்பிட்டிருக்கலாம்ல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னது.

அன்னைக்குக் கத்துக்கிட்டதைத்தான் தம்பிக்கும் சொன்னேன். பின்னால் ஒருத்தர் நிற்காமல் கனமான செட் போடாதே. ஆள் கிடைக்கலைன்னா, ரெண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பி இருக்கிற கூண்டுக்குள் பெஞ்சைப் போட்டுக்கோ. அதுவும் இல்லைன்னா தட்டுக்கு வெளியே லாக் மாட்டாதே. மாட்டிக்கிட்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டைக் கொட்டிவிட்டு எழுந்துடலாம், சத்தம் வரும், உயிர் போகாது. கட்டை விரலை பாரைச் சுற்றிப் பிடி. எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்கிற பிடியில் பார் நழுவி கழுத்திலோ நெஞ்சிலோ விழுந்து செத்தவங்க இருக்காங்க. ரெண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் இழுத்து பெஞ்சில் அழுத்திக்கோ, பாதம் தரையில் ஊன்றியிருக்கட்டும், பார் நெஞ்சின் கீழ்ப்பாதியைத் தொடட்டும். முழங்கையை சிலுவை மாதிரி விரிக்காதே, தோள் கெடும்.

அப்புறம் மூச்சு. தள்ளும்போது மூச்சை ரொம்ப நேரம் அடைத்துப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று உச்சிக்குப் போகும். இருபது வயசில் தாங்கும். பிபி, இதயக் கோளாறு, கண்ணின் விழித்திரைப் பிரச்சினை இருக்கிற என் வயசுக்காரங்க, டாக்டரைக் கேட்காமல் கனமான எடை பக்கம் போகவே கூடாது.

எடை கூட்டுறதுதான் நம்ம ஊரில் பெரிய சிக்கல். பல ஜிம்களில் இருக்கிற சின்னத் தட்டே 2.5 கிலோ. ரெண்டு பக்கமும் மாட்டினால் ஒரேயடியா 5 கிலோ ஏறுது. நாற்பது தள்ளுறவனுக்கு அது எட்டில் ஒரு பங்கு. டிலோர்மோ ஹெப்பர்னோ பார்த்தால் தலையில் அடிச்சுக்குவாங்க. அதனால் தம்பியிடம் ஒண்ணேகால் கிலோ தட்டு ஒரு ஜோடி சொந்தமா வாங்கிக்கச் சொன்னேன். ஊசிக்குக் கொடுத்த காசில் பத்து ஜோடி வாங்கியிருக்கலாம்.

நாலாவது டாக்டரை மறக்கலை. லுட்விக் குட்மன், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து போன நரம்பியல் மருத்துவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கி, விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தார். அங்கே நடந்த சின்னப் போட்டிகள் வளர்ந்துதான் பாராலிம்பிக் ஆனது. 1964 டோக்கியோவில் அதில் பளுதூக்குதல் சேர்ந்தது, முதுகுத்தண்டு பாதித்த ஆண்களுக்காக. பாராலிம்பிக் பவர்லிஃப்டிங் போட்டியில் இன்றைக்கும் இருப்பது ஒரே ஒரு தூக்குதான். பெஞ்ச் பிரஸ். நிற்க முடியாதவங்களும் தள்ளலாம் என்பதால். படுத்துக்கிட்டுத் தூக்குறதெல்லாம் பலமா என்று கேலி செய்த அதே காரணம், இவர்களுக்குக் கதவாச்சு.

2016 ரியோவில் ஈரானின் சியாமண்ட் ரஹ்மான் தள்ளியது 310 கிலோ. நம்ம நாட்டிலும் ஆள் இருக்காங்க. பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு, குழந்தையிலேயே போலியோ, 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம். மேற்கு வங்கத்தின் சகினா காத்தூன், அவருக்கும் போலியோ, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். இவர்கள் படத்தைக் காட்டினப்போ தம்பி சகினா படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தான்.

அவன் ஊசியை நிறுத்தி இப்போ அஞ்சு மாசம். முதல் ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டப்பட்டான். பலம் குறைந்தது, சோர்வு, யார்கிட்டயும் பேசாமல் இருந்தான். அம்மாவிடம் முழு விஷயத்தையும் நான் சொல்லலை, அவனையே சொல்ல வைத்தேன். திட்டுவாங்கன்னு பயந்தான். அவங்க அழுதுட்டு, மறுநாளிலிருந்து ரெண்டு முட்டை கூட வைக்க ஆரம்பிச்சாங்களாம். பரு அடங்கிடுச்சு. மார்பு வீக்கம் குறைந்திருக்கு, முழுசா போகலை. போகாமல் நின்றுவிட்டால் ஆபரேஷன் தேவைப்படலாம் என்று நிபுணர் சொல்லியிருக்கார். ஹார்மோன் அளவு மெல்ல ஏறுது.

பெஞ்ச் பிரஸ் 35-க்கு இறங்கி, இப்போ 42.5. ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதுகிறான். போன வாரம் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். மேலே தேதி, கீழே "காலி பார் 10", அதுக்குக் கீழே மத்த செட்டெல்லாம். ஓரத்தில், புதுசா சேர்ந்த ஒரு பையனுக்குப் பின்னால் நின்று பார் பிடிச்சேன் சார் என்று எழுதியிருந்தது.